அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்: வெளிநாட்டு மாணவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது

கோச் போன் செய்து "உனக்கு ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வருடச் செலவு முழுவதும் அடங்கியிருக்கலாம், புத்தகச் செலவு மட்டும்கூட அடங்கியிருக்கலாம். அமெரிக்கப் பையன் என்றால் மீதியை எப்படியோ சமாளித்துவிடுவான், அரசு மானியம் இருக்கிறது, அரசுக் கடன் இருக்கிறது, வெளியே போய் வேலை பார்க்கலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவனுக்கு இந்த மூன்று கதவும் மூடியே இருக்கும். அதனால் ஒரே கடிதம், ஒரே தொகை, ஆனால் அமெரிக்கக் குடும்பத்துக்கும் வெளிநாட்டுக் குடும்பத்துக்கும் அதன் மதிப்பு வேறு வேறு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் பேசுவது ஹெல்மெட் போட்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். நாம் கால்பந்து என்று சொல்லும் சாக்கருக்கும் அங்கே உதவித்தொகை உண்டு, ஆனால் எண்ணிக்கை வேறு, பணம் மிகவும் குறைவு. விசா, வரி பற்றிய பகுதிகள் மட்டும் இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் படி: எந்தப் பிரிவில் என்ன பணம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ என்ற அமைப்புக்குக் கீழே மூன்று டிவிஷன்கள். டிவிஷன் 1-இல் ஃபுட்பாலுக்கு மட்டும் எஃப்.பி.எஸ் (மேல் தட்டு), எஃப்.சி.எஸ் (அதற்கு அடுத்தது) என்று இரண்டு தட்டு. டிவியில் லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டங்கள் எல்லாம் எஃப்.பி.எஸ். இங்கே பல வருடங்களாக ஒரு அணிக்கு 85 ஸ்காலர்ஷிப், அத்தனையும் முழு ஸ்காலர்ஷிப், பாதி கால் என்று பிரிக்க முடியாது. "எஃப்.பி.எஸ் ஆஃபர் வந்துவிட்டது" என்றால் பணக் கவலை தீர்ந்தது என்று அர்த்தம்.

இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி க்ளாடியா வில்க்கன் ஒப்புதல் கொடுத்த சமரசம், அதாவது வீரர்கள் என்.சி.ஏ.ஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம், இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் உச்சவரம்பு கிடையாது, அதற்குப் பதிலாக அணியில் மொத்தம் 105 பேர்தான் இருக்கலாம் என்ற ரோஸ்டர் வரம்பு. 105 பேருக்கும் முழுப் பணம் கொடுக்கலாம், சிலருக்குப் பாதி கொடுக்கலாம், சிலருக்கு ஒன்றுமே கொடுக்காமலும் இருக்கலாம். அதாவது எஃப்.பி.எஸ் என்றாலே முழுசு என்ற பழைய நம்பிக்கையை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பழைய இணையக் கட்டுரைகள் பல இன்னும் 85-ஐயே சொல்லிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு விளைவும் உண்டு. முன்பு பல அணிகளில் 120 பேருக்கு மேல் இருந்தார்கள், சொந்தச் செலவில் வந்து பயிற்சியில் சேர்ந்து, பிறகு ஸ்காலர்ஷிப் வாங்கும் வாக்-ஆன் பையன்களுக்கு இடம் இருந்தது. அந்த இடம் இப்போது சுருங்கிவிட்டது.

எஃப்.சி.எஸ் அணிகளில் பழைய வரம்பு 63 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம், அதை 85 பேர் வரை பங்குபோடலாம். சமரசத்தில் சேராத கல்லூரிகளில் இன்றும் இதே கணக்குதான். ஆனால் எஃப்.சி.எஸ்-லேயே பயனியர் ஃபுட்பால் லீக் அணிகள் விளையாட்டுக்கென்று பணமே தருவதில்லை. டேட்டன், டிரேக், டேவிட்சன், சான் டியாகோ எல்லாம் இதில் வருகின்றன. டிவிஷன் 1 என்ற பெயரை மட்டும் பார்த்து மயங்கியவர்கள் பின்னால் திகைத்துப்போவது இந்த இடத்தில்தான்.

டிவிஷன் 2-இல் 36 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணத்தை அணி முழுவதும் பிரித்துக் கொடுப்பார்கள். என்.ஏ.ஐ.ஏ என்ற தனி அமைப்பில் 24. இரண்டிலும் 30 சதவீதம், 50 சதவீதம் என்று கிடைப்பதுதான் வழக்கம். அதோடு மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையையும் சேர்த்து வாங்கலாம், எனவே நன்றாகப் படிக்கிற பையனுக்கு இங்கே நல்ல தொகை சேரும். இரண்டு வருடக் கல்லூரிகளுக்கான என்.ஜே.சி.ஏ.ஏ-வின் முதல் பிரிவில் 85 வரை கொடுக்கலாம், ஆனால் கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் இந்த அமைப்பில் இல்லை, அவை விளையாட்டு உதவித்தொகை தருவதே இல்லை.

டிவிஷன் 3-க்கும், ஹார்வர்ட், யேல் போன்ற பழைய பல்கலைக்கழகங்களின் குழுவான ஐவி லீக்குக்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் பூஜ்யம். உடனே கடந்து போய்விடாதீர்கள், என்னைக் கேட்டால் படிப்பில் கெட்டிக்காரனான வெளிநாட்டுப் பையனுக்கு அமெரிக்காவிலேயே பாதுகாப்பான பணம் இங்கேதான் இருக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத், பிரவுன், டிவிஷன் 3-இல் எம்.ஐ.டி, ஆம்ஹர்ஸ்ட், போடன் ஆகிய கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்து, பிறகு குடும்பத்தால் எவ்வளவு முடியாதோ அத்தனையையும் தாங்களே கொடுக்கின்றன. ஹார்வர்ட் 2025-26 முதல், வருட வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருக்கிற, பெரிய சொத்து இல்லாத குடும்பத்திடம் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. எட்டுக் கல்லூரிக்கும் ஃபுட்பால் அணி இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, இந்தப் பணம் ஆட்டத்தோடு கட்டப்பட்டதில்லை. முட்டி உடைந்தாலும், கோச் மாறினாலும், பையனே "போதும், இனி ஆடவில்லை" என்றாலும் பணம் அப்படியே தொடரும். ஐவி கோச் ஆர்வம் காட்டினால், சேர்க்கைக்கு முன்பே உங்கள் வருமான விவரத்தைப் பார்த்து உத்தேசத் தொகை சொல்லும் முன்மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. டிவிஷன் 3 கோச் பணத்தில் தலையிடக் கூடாது என்பது விதி, அங்கே நேராக நிதியுதவி அலுவலகத்துக்கே எழுத வேண்டும்.

இரண்டாம் படி: வெளிநாட்டிலிருந்து போனவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று பாருங்கள்

ஆஸ்திரேலியர்களின் வழி தனி. மெல்போர்னில் நாதன் சாப்மன் தொடங்கிய புரோகிக் ஆஸ்திரேலியா, ஃபுட்டி என்ற ஆஸ்திரேலிய ஆட்டத்தில் பந்தை உதைத்துப் பழகியவர்களை பன்ட்டர்களாக (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் தள்ளுகிற வீரர்களாக) மாற்றி அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. கல்லூரிகளின் சிறந்த பன்ட்டருக்கான ரே கை விருதை டாம் ஹாக்கெட் 2014, 2015 என்று இருமுறை வாங்கினார், 2016-இல் மிட்ச் விஷ்னோவ்ஸ்கி, 2017-இல் மைக்கேல் டிக்சன், 2023-இல் டோரி டெய்லர். ஒரே ஒரு திறமையைக் கூர்தீட்டி, அந்த இடத்துக்கு மட்டும் முழு ஸ்காலர்ஷிப் கேட்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று இதைப் பார்த்தால் புரியும்.

ஜெஸ்ஸி வில்லியம்ஸ் வேறு மாதிரி. பிரிஸ்பேனிலிருந்து அரிசோனா வெஸ்டர்ன் என்ற இரண்டு வருடக் கல்லூரிக்கு வந்து, அங்கிருந்து அலபாமா. இன்னொரு ஆஸ்திரேலியரான டேனியல் ஃபாலேலே ஃப்ளோரிடாவின் ஐ.எம்.ஜி அகாடமியில் பள்ளிப்படிப்பை முடித்து மின்னசோட்டாவுக்குப் போனார். எஸ்டோனியாவின் மார்கஸ் ஹன்ட் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வட்டெறிதல் வீரர், ஒரு பயிற்சியாளரை நம்பி எஸ்.எம்.யூ என்ற பல்கலைக்கழகத்துக்கு வந்தார், அங்கே ஆண்கள் தடகள அணியையே கல்லூரி முன்பே கலைத்திருந்தது. ஸ்காலர்ஷிப் கிடைக்க ஃபுட்பால்தான் வழி என்று ஆனது, 2013-இல் இரண்டாம் சுற்றில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-க்குத் தேர்வானார். அதே வருடம் ஐந்தாவது ஆளாகத் தேர்வான கானாவின் எசக்கியேல் ஆன்சா, 2010-இல் பி.ஒய்.யூ பல்கலைக்கழக அணிக்கு வாக்-ஆனாகப் போகும் வரை இந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை.

ஐரோப்பாவில் பிராண்டன் காலியர் நடத்தும் பி.பி.ஐ ரெக்ரூட்ஸ் பையன்களை பஸ்ஸில் ஏற்றி அமெரிக்கக் கல்லூரி முகாம்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்துப் போகிறது. எந்த ஏஜென்சியோடு போனாலும் ஒன்றைக் கவனியுங்கள். சேவைக்கு நிலையான கட்டணம் வாங்கலாம், ஆனால் "ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இத்தனை சதவீதம்" என்று பேசினால் அது என்.சி.ஏ.ஏ விதிக்கு எதிரானது, பையனின் தகுதியே போய்விடும்.

மூன்றாம் படி: தகுதிக்கான காகிதங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் பத்தாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள். என்.சி.ஏ.ஏ தகுதி மையத்தில் பதிவு செய்து, ஒன்பதாம் வகுப்பு முதல் எல்லா வருட மதிப்பெண் பட்டியலையும் மூல மொழியிலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் கொடுக்க வேண்டும். 16 முக்கியப் பாடங்கள் தேவை, நான்குக்கு எடுத்த சராசரி டிவிஷன் 1-க்கு 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. எஸ்.ஏ.டி என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண் 2023 முதல் என்.சி.ஏ.ஏ தகுதிக்குத் தேவையில்லை, ஆனால் ஹார்வர்ட், எம்.ஐ.டி போன்ற கல்லூரிகள் சேர்க்கைக்குக் கேட்கின்றன. பள்ளி முடித்த பிறகு சும்மா வருடங்களைக் கடத்தாதீர்கள், தாமதம் ஆக ஆக ஆடும் வருடங்கள் கழியக்கூடும். உள்ளூர் கிளப்பில் பணம் வாங்கி ஆடியிருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: இடைவெளியைக் கணக்குப் போடுங்கள்

இங்கே நிதானமாக உட்காருங்கள், காகிதமும் பேனாவும் எடுங்கள்.

கல்லூரி ஒவ்வொன்றும் மொத்த வருகைச் செலவு என்று ஒரு தொகை வெளியிடும். ட்யூஷன் (படிப்புக் கட்டணம்), மற்ற கட்டணங்கள், தங்கும் அறை, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு எல்லாம் சேர்ந்தது. டிவிஷன் 1-இல் முழு ஸ்காலர்ஷிப் என்றால் முன்பு சாப்பாடு, அறை, ட்யூஷன், புத்தகத்தோடு நின்றுவிடும், 2015-இல் பெரிய கான்ஃபரன்ஸ்கள் (கல்லூரிக் கூட்டமைப்புகள்) போட்ட வாக்குக்குப் பிறகு கைச்செலவு வரை தரலாம் என்று ஆனது. அதற்கு மேல், 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆல்ஸ்டன் தீர்ப்பால், படிப்பு ஊக்கத்தொகையாக வருடம் 5,980 டாலர் வரை தரலாம். தரலாம் என்றுதான் விதி, தர வேண்டும் என்று இல்லை.

இப்போது ஒரு உதாரணம், எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஒரு டிவிஷன் 2 கல்லூரியின் மொத்தச் செலவு 42,000 டாலர். விளையாட்டுக்கு 14,000, மதிப்பெண்ணுக்கு 9,000 தருகிறார்கள். மீதி 19,000. அமெரிக்கப் பையன் ஏழைக் குடும்பம் என்றால் பெல் மானியம் என்ற அரசு மானியம் 7,395 வரை, முதல் வருட அரசுக் கடன் 5,500 வரை கிடைக்கும், இடைவெளி ஆறாயிரமாகச் சுருங்கிவிடும். உங்கள் பையனுக்கு இரண்டும் கிடையாது. மேலே விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, டிசம்பரில் விடுதி மூடும்போது தங்கும் செலவு என்று இன்னொரு 5,000 வைத்துக்கொள்ளுங்கள். ஆக வருடம் 24,000, நான்கு வருடத்துக்கு 96,000 டாலர். "ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஸ்காலர்ஷிப்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் கடிதத்தின் உண்மையான விலை இதுதான்.

கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்ய எஃப்-1 அனுமதிக்கிறது. ஆனால் சீசனில் பயிற்சி மட்டும் விதிப்படி வாரம் 20 மணி நேரம், பயணமும் மருத்துவ அறையும் சேர்ந்தால் உண்மையில் அதற்கு மேல். வாரம் 10 மணி, மணிக்கு 10 டாலர், 30 வாரம் என்றால்கூட 3,000-தான். தனியார் வங்கிக் கடனுக்குப் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அந்தச் சொந்தக்காரர் யார் என்று இப்போதே யோசியுங்கள்.

ஐந்தாம் படி: ஆஃபரை எழுத்தில் வாங்கிப் படியுங்கள்

கோச்சின் வாய்மொழி ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. முன்பு நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒரு கடிதம் இருந்தது, 2024 அக்டோபரில் டிவிஷன் 1-இல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே நிதியுதவி ஒப்பந்தம்தான் முக்கிய ஆவணம். அதில் நான் பார்க்கச் சொல்வது இவை. எத்தனை வருடத்துக்கு? ஒரு வருடம் என்றால் ஒவ்வொரு கோடையிலும் புதுப்பிக்க வேண்டும், பல வருட ஒப்பந்தம் 2012 முதல் தரலாம், எனவே கேளுங்கள். தொகை டாலரிலா, சதவீதத்திலா? "ட்யூஷனில் 12,000 டாலர்" என்று எழுதியிருந்தால் ட்யூஷன் வருடாவருடம் ஏற ஏற, ஏறுகிற பாரம் முழுக்க உங்கள் தலையில். காயம்பட்டால் தொடருமா? கோச் போய்விட்டால்? கோடைக்கால வகுப்புக்குப் பணம் உண்டா? மதிப்பெண் உதவித்தொகை என்றால் அதைத் தக்கவைக்க எவ்வளவு சராசரி வேண்டும்? ஃபுட்பால் பணம் தொடர்ந்தும், ஒரு செமஸ்டர் சராசரி கொஞ்சம் சறுக்கி அந்த 9,000 மட்டும் போவதுண்டு.

காப்பீட்டைத் தனியாகக் கேளுங்கள். என்.சி.ஏ.ஏ-வின் பேரிடர்க் காப்பீடு 90,000 டாலருக்கு மேல் போகும் பெரிய காயங்களுக்குத்தான். அதற்குக் கீழே கல்லூரி கட்டுகிறதா, உங்கள் பாலிசி முதலில் கட்ட வேண்டுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வெளிநாட்டு மாணவர்களுக்கு விற்கும் மலிவான பாலிசிகளில் கல்லூரி அணி விளையாட்டுக் காயங்களை விலக்கி வைத்திருப்பார்கள், சிறிய எழுத்துகளைப் படியுங்கள்.

ஆறாம் படி: ஐ-20, விசா

விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தைக் கல்லூரி கொடுக்க வேண்டுமென்றால் முதல் வருடச் செலவு முழுவதுக்கும் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். கல்லூரி தரும் தொகை ஐ-20-லேயே அச்சாகிவிடும், மீதிக்கு உங்கள் வங்கிக் கணக்கு. அதனால்தான் நான்காம் படியின் கணக்கை இத்தனை வலியுறுத்துகிறேன், இடைவெளி 24,000 என்றால் அது வங்கியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185. கனடாக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு விசா முத்திரை தேவையில்லை, செவிஸ் கட்டணமும் ஐ-20-யும் தேவை. பயிற்சி முகாம் வகுப்புகளுக்கு முன்பே தொடங்கிவிடும், ஆனால் ஐ-20-இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் நுழைய முடியாது. அந்தத் தேதியை கோச்சும் வெளிநாட்டு மாணவர் அலுவலகமும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ளட்டும்.

ஏழாம் படி: வரி

முழு ஸ்காலர்ஷிப்புக்கும் வரி உண்டு என்று கேட்டதும் பலர் நம்புவதில்லை. ட்யூஷன், கட்டாயக் கட்டணம், புத்தகம் ஆகியவற்றுக்கு வரி இல்லை. அறை, சாப்பாடு, கைச்செலவுத் தொகை மூன்றுக்கும் உண்டு, எஃப்-1 மாணவரிடம் 14 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள். அந்தப் பகுதி 19,000 டாலர் என்றால் 2,660. கையில் பணமே வராத அறை வாடகைக்கும் சேர்த்துப் பிடிப்பதால், கல்லூரிக் கணக்கில் திடீரென்று பாக்கி காட்டும், அதைக் கட்டாவிட்டால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாமலும் போகலாம். இதற்கு அணி உதவுமா என்று கேளுங்கள், டிவிஷன் 1-இல் மாணவர் உதவி நிதி என்று ஒன்று இருக்கிறது, ஊருக்குப் போகும் விமானச் செலவுக்குக்கூட அதிலிருந்து கொடுப்பதுண்டு.

இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவருக்கு ஒரு நல்ல செய்தி. இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர் நிலையான கழிவை (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துவிடும் தொகையை) எடுத்துக்கொள்ளலாம், வேறு வெளிநாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. 2025-க்கு அது 15,750 டாலர். மேலே சொன்ன 19,000-இல் 3,250-க்கு மட்டும் 10 சதவீதம், அதாவது 325 டாலர்தான் மத்திய வரி. பிடித்ததில் மீதி 2,335 திரும்பி வரும், ஆனால் கல்லூரி தரும் 1042-எஸ் படிவத்தை வைத்து 1040-என்ஆர் என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் வரும். 8843 படிவத்தையும் மறக்காதீர்கள், வருமானமே இல்லாவிட்டாலும் அது கட்டாயம்.

எட்டாம் படி: என்.ஐ.எல் பணத்தை நம்பி வராதீர்கள்

2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், இதைத்தான் என்.ஐ.எல் என்கிறார்கள். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு வருமானத்தில் பங்கு தரலாம், முதல் வருட உச்சவரம்பு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆனால் எஃப்-1 விசா வேலை செய்து சம்பாதிப்பதைக் கட்டுப்படுத்துகிறது, வீரர்களுக்கென்று அரசு தனி விலக்கு தரவில்லை. பக்கத்து லாக்கர்காரன் செருப்பு விளம்பரத்துக்கு போஸ் கொடுத்துக் காசு வாங்கலாம், உங்கள் பையன் அதே வேலையை அமெரிக்க மண்ணில் செய்தால் விசாவே போகலாம். சிலர் நாட்டுக்கு வெளியே இருக்கும்போது வேலையை முடிக்கிறார்கள். 2022-இல் கென்டக்கி கூடைப்பந்து அணி பஹாமாஸ் போனபோது காங்கோவின் ஆஸ்கர் ஷீப்வே அப்படித்தான் செய்தார். எதுவானாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம். ஸ்காலர்ஷிப் என்பது வேலைச் சம்பளம் இல்லை, அதில் இந்தச் சிக்கல் கிடையாது. எனவே கோச்சிடம் பேரம் பேசும்போது "பங்குப் பணம் வேண்டாம், அதற்குப் பதில் ஸ்காலர்ஷிப்பை முழுசாக்குங்கள்" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து வெளிநாட்டுக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல கேள்வி இல்லை.

போய்ச் சேர்ந்த பிறகு

முழுநேர மாணவனாக இருக்க வேண்டும், சாதாரணமாக செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளி). ஃபுட்பால் பையன்களை ஆன்லைன் வகுப்புகளில் போடுவது வழக்கம், ஆனால் எஃப்-1 மாணவனுக்கு அந்த 12-இல் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்புதான், அதாவது 3 கிரெடிட்தான் கணக்கில் வரும். அணியின் படிப்பு ஆலோசகருக்கு இது தெரியாமல் இருக்கலாம், பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கஷ்டமான பாடத்தைக் கைவிடுவதற்கு முன்னாலும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

கல்லூரி மாறுவதும் இப்படித்தான். கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தால், பழைய கல்லூரி அந்த செமஸ்டர் முடிவில் பணத்தை நிறுத்தலாம். அமெரிக்கப் பையனுக்கு அது சில மாதக் கவலை. வெளிநாட்டுப் பையன் வேறு கல்லூரி உறுதியாகாமல் படிப்பை விட்டால் நாட்டில் தங்கும் உரிமையும் சேர்ந்து போகிறது. புதிய கல்லூரி பணம் எவ்வளவு என்று எழுத்தில் கொடுத்து, செவிஸ் பதிவை மாற்றி, புதிய ஐ-20 கொடுக்க வேண்டும், அதற்கு மறுபடியும் வங்கிக் கணக்கு காட்ட வேண்டியிருக்கும். போர்ட்டலில் பெயர் கொடுக்க நினைக்கிற வாரத்திலேயே, கோச்சிடம் பேசுவதற்கு முன்னால், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வரட்டும்.